உச்சிமலை மண்ணைச் சலித்த மாடம்மாள்

திருவனந்தபுரத்துக்கு வந்த புதிதில் மாடம்மாளுக்கு மலையாளத்தில் தெரிந்தவை மூன்றே சொற்கள்: மணல், மெட்டல், மதி. மணலும் மெட்டல் எனப்படும் ஜல்லியும் தலையில் ஏறுபவை. மதி என்றால் போதும் என்று மேல்தளத்திலிருந்து கொத்தனார் கை காட்டுவது. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டே அவள் அந்த ஊரில் காலூன்றிவிட்டாள். கழக்கூட்டத்தில் கண்ணாடி பதித்த கட்டடங்கள் எழும்பியபோது அவற்றின் அடித்தளத்தில் நின்றிருக்கிறாள். உள்ளூர் என்ற பகுதியில் ஒரு டாக்டர் வீட்டின் மூன்று மாடிக்கும் அவள் ஏறிய படிகளில் அதற்குப் பிறகுதான் டைல் ஒட்டினார்கள். பேருந்தில் போகும்போது ஏதாவது ஒரு கட்டடத்தைக் காட்டி, "இது நம்ம வேலைதான்" என்பாள். கட்டியவர் பெயர் கல்லில் வேறாக இருக்கும். அதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை.

பூதப்பாண்டிப் பக்கத்து ஊர் அவளுடையது. கணவன் தாணுமாலையனுக்குத் தம்பானூர் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு ஹோட்டலில் தோசைக்கல் முன்னால் வேலை. அட்டக்குளங்கரைக்குப் பின்னால் ஒரு தகரக் கூரை வீட்டில் குடியிருந்தார்கள். மாடிவீட்டுக்காரரின் காங்கிரீட் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொள்ளலாம் என்பது வாடகைக்குள் அடங்கிய சலுகை.

வேலைக்காரர்கள் நடுவில் மாடம்மாளுக்கு ஒரு பெயர் உண்டு. சலிப்பதென்றால் அவள்தான். கடைசிப் பூச்சுக்கு வேண்டிய மணலை மேஸ்திரி மகாராஜா வேறு யார் கையிலும் கொடுக்கமாட்டார். சாய்த்து வைத்த சல்லடையின் மேல் அவள் மண்வெட்டியால் ஒரு வீச்சு வீசினால், கல் ஒரு பக்கம், வேர் ஒரு பக்கம், மாவு போன்ற மணல் ஒரு பக்கம் என்று தானாகப் பிரிந்து விழும். சுவரில் ஒரு தூசி நீட்டிக்கொண்டு நிற்காது. வேலை முடிந்தபின் மகாராஜாவின் சல்லடை, சட்டி, மண்வெட்டி எல்லாம் மாடம்மாள் வீட்டுப் பின்புறத்தில்தான் கிடக்கும். பிறர் வீட்டில் வைத்தால் காணாமல் போகும் என்பது அவருடைய நியாயம்.

மகள் பொன்செல்வி இந்த நகரத்திலேயே மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்து, விலங்கியலில் பட்டம் வாங்கி, மேற்பட்டமும் வாங்கி, இப்போது முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். மாடம்மாள் வீட்டிலும் தாணுமாலையன் வீட்டிலும் சேர்த்துப் பார்த்தாலும் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள். அப்படிப்பட்ட வீட்டில் ஒருத்தி படித்தால் வீடே சேர்ந்து படிக்கும். செமஸ்டர், இன்டர்னல், ஸ்டைபெண்ட், சினாப்சிஸ் என்று ஒவ்வொரு சொல்லாக வாசல் தாண்டி உள்ளே வரும். அவற்றின் பொருள் தாய் தகப்பனுக்கு முழுக்கத் தெரியாமல் இருக்கலாம். எந்தச் சொல் வந்தால் பிள்ளை சாப்பிடமாட்டாள், எது வந்தால் ஹோட்டலிலிருந்து அல்வா வாங்கி வரலாம் என்பது துல்லியமாகத் தெரியும்.

மகள் என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் மாடம்மாள் ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தாள்: மண் ஆராய்ச்சி. பொன்செல்வி அப்படித்தான் சொல்லியிருந்தாள். சொல்லும்போது மாடம்மாளுக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி உண்டு. தாய் மண்ணைச் சுமக்கிறாள், மகள் அதையே மேஜைமேல் வைத்துப் படிக்கிறாள். ஒரு தலைமுறையில் மண் தலையிலிருந்து மேஜைக்கு இறங்கிவிட்டதே, வேறென்ன வேண்டும்?

அந்த மே மாதம் பொன்செல்வி வாரத்துக்கு இருமுறையாவது மலைக்குப் போய்வந்தாள். விதுராவில் ரப்பர்த் தோட்டத்து மண், அதற்கு மேலே கல்லாற்றுக் கரைக் காட்டு மண், பொன்முடிச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே சில இடங்கள், கடைசியில் உச்சியில் புல்வெளியும் சோலைக்காடும் என்று கீழிருந்து மேலாக ஏறி ஏறி எடுத்தாள். கீழ்மட்டங்கள் எல்லாம் முடிந்து கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. உச்சி மண் மட்டும் ஒரு சனிக்கிழமை மாலை, உதிராத கட்டிகளாகத் துணிப்பைகளில், பொன்செல்வியோடு காய்ச்சலையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தது. கல்லூரியில் மண்ணைப் போட்டுவைக்கிற புனல் கருவிகள் எல்லாவற்றிலும் முந்தின மண் ஏறியிருந்ததால் திங்கட்கிழமைதான் இடம் கிடைக்கும். வீட்டின் பின்புறம் துவைகல்லுக்குப் பக்கத்தில், வெயில் விழாத மூலையில், நனைத்த சாக்குக்கு அடியில் பைகளை வரிசையாக வைத்துவிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி துவைக்கப் போன மாடம்மாள் சாக்கைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு பையின் வாயில் வெள்ளையாக, ஊசிமுனை அளவுக்கு, எதுவோ ஊர்ந்தது. இன்னொன்றைத் திறந்தால் கறுப்பாக ஒன்று துள்ளி எங்கோ போய் விழுந்தது. மக்கிய இலை, வேர், சிறு கல், பூச்சி. இரண்டு நாளாகக் காய்ச்சலோடு அலைந்து பிள்ளை கொண்டுவந்த மண் இப்படிக் கெட்டுக் கிடக்கிறதே! நாளைக்கு இதைக் கொண்டுபோனால் கல்லூரியில் மேடம் என்ன சொல்வார்?

பிள்ளை தூங்கட்டும் என்று விட்டுவிட்டு வேலையில் இறங்கினாள். மொட்டைமாடியில் பழைய ஃப்ளெக்ஸ் பேனரை விரித்தாள். ஒரு பையின் மண் அடுத்ததோடு கலந்துவிடக்கூடாது என்பது அவளுக்கே தெரியும். அதனால் ஒவ்வொரு பையாகக் கொட்டி, நல்ல வெயிலில் காயவைத்து, உதிர்த்து, பெரிய சல்லடையில் ஒருமுறை, வீட்டு மாவுச்சல்லடையில் மறுமுறை சலித்தாள். வேரையும் இலையையும் பூச்சியையும் துடைப்பத்தால் கூட்டி மழைநீர்க் குழாயில் தள்ளினாள். சலித்த மண்ணை அதனதன் பையிலேயே போட்டு, பொன்செல்வி கட்டியிருந்த அட்டையை அதே முடிச்சோடு கட்டினாள். மத்தியானச் சோற்றுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கடைசிப் பூச்சுக்குக்கூட அவள் அவ்வளவு நைசாகச் சலித்ததில்லை.

பொன்செல்வி எழுந்து முகம் கழுவப் பின்புறம் வந்தாள். பைகள் சுவரோரம் நிற்கும் அழகைப் பார்த்தாள். ஒன்றைக் கையில் தூக்கிப் பார்த்தாள், கனம் குறைந்திருந்தது. முடிச்சை அவிழ்த்து உள்ளே விரலை விட்டாள்.

"எம்மா, இதுல இருந்த பூச்சியெல்லாம் எங்க?"

"ஒண்ணு விடாம தட்டியாச்சு மக்ளே. வேரு, கல்லு, பொடிப்பூச்சி ஒண்ணும் கெடையாது. பவுடர் மாதிரி இருக்கு பாரு" என்றாள் மாடம்மாள். பாராட்டு வரும் என்று கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

பொன்செல்வி துவைகல்மேல் உட்கார்ந்துவிட்டாள். பையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், மறுபடியும் பையைப் பார்த்தாள். முதலில் வந்தது சிரிப்பு. அது நிற்காமல் போய் அழுகையில் முடிந்தது. அப்புறம்தான் சொன்னாள், அவள் படிப்பது மண்ணையல்ல, மண்ணுக்குள் இருக்கிற அந்தப் பூச்சிகளை என்று.

மலையடிவாரத்து மண்ணில் ஒரு கூட்டம் இருக்கும். கொஞ்சம் ஏறினால் வேறொரு கூட்டம். உச்சிக்குப் போனால் இன்னொன்று. வாலை வயிற்றுக்கடியில் மடக்கி வைத்துக்கொண்டு துள்ளுகிறவை உண்டு. உண்ணிக்கு உறவான, கண்ணுக்கே சரியாகத் தெரியாத எட்டுக்காலிகள் உண்டு. விழுந்த இலையை மண்ணாக்குகிற வேலையில் இவற்றுக்கெல்லாம் பங்கு இருக்கிறது. ஏற ஏறக் குளிர் கூடும், ஈரம் மாறும், இலைமக்கு மாறும். அப்போது இந்தக் கூட்டம் குறைகிறதா, கூடுகிறதா, அல்லது எண்ணிக்கை அப்படியே இருந்து ஆட்கள் மட்டும் மாறுகிறார்களா? இதுதான் கேள்வி. கீழேயிருந்து முக்கால் மலைவரை பதில் கையில் இருந்தது. உச்சியின் பதில் மழைநீர்க் குழாய் வழியாக ஓடைக்குப் போய்விட்டது.

"பூச்சின்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா, பிள்ள?" என்று கேட்டாள் மாடம்மாள். குரலில் கோபம் இல்லை.

அதற்குப் பொன்செல்வி சொன்ன காரணம்தான் மாடம்மாளை அதிகமாகச் சுட்டது. எம்.எஸ்ஸி. முடித்த வருடம் ஊர்க் கல்யாணம் ஒன்றில், மேலே என்ன படிக்கப்போகிறாய் என்று மாமா முறைக்காரர் ஒருவர் கேட்டாராம். பூச்சி என்று சொன்னதும், சித்தாள் மகள் பூச்சி பொறுக்கவா கடற்கரைப் பட்டணத்தில் போய்ப் படிக்கிறாள் என்று பந்திக்கே கேட்கும்படி சிரித்தாராம். அன்றைக்கே முடிவுசெய்து, வீட்டிலும் வெளியிலும் மண் என்று சொல்ல ஆரம்பித்தாள். அம்மாவிடமாவது சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

மாடம்மாள் அவிழ்ந்து கிடந்த பையை மறுபடி கட்டிவைத்தாள். தாணுமாலையனாக இருந்தால் இந்நேரம் தலையில் கை வைத்து ஊரையே கூட்டியிருப்பான். அவளுக்கு அந்தப் பழக்கம் இல்லை. சுவர் சாய்ந்தால் இடித்துவிட்டு மறுபடி எழுப்புவதைத்தான் வாழ்நாளெல்லாம் பார்த்திருக்கிறாள்.

"அந்த மண்ணு இனி அங்க கெடையாதா?"

இருக்கிறது, எடுப்பதில்தான் சிக்கல் என்றாள் பொன்செல்வி. வனத்துறை கொடுத்த அனுமதி வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அதைவிடப் பெரிய சிக்கல் எடவப்பாதி. மலையாள இடவ மாதப் பாதியில் இறங்குகிற பெருமழை வந்துவிட்டால் உச்சி மண் வேறு மண்ணாகிவிடும். கீழ்மட்டத்தையெல்லாம் மண் காய்ந்திருந்த நாளில் எடுத்துவிட்டு உச்சியை மட்டும் நனைந்த பிறகு எடுத்தால், மாற்றம் உயரத்தால் வந்ததா மழையால் வந்ததா என்று எவராலும் சொல்லமுடியாது. அடுத்த கோடைவரை காத்திருந்தால் அதற்குள் உதவித்தொகைக் காலம் தீர்ந்துவிடும். உச்சி இல்லாமல் எழுதினால் தலையில்லாத மலை. கூட வருகிற இளநிலை மாணவிகள் இருவரும் பரீட்சைக்குப் போயிருந்தார்கள். கூடவே படிக்கிற ரெம்யா கொல்லத்தில் அக்கா பிரசவத்துக்குப் போயிருந்தாள். மண்ணுக்குள் இரும்புக் குழாயை அடித்து இறக்கவும் ஏறிய மண்ணைக் குலுங்காமல் கொண்டுவரவும் ஒற்றை ஆளால் ஆகாது.

"மண்ணு சுமக்கதுக்கு ஆளு கெடைக்கலன்னு என் வீட்டுக்குள்ள இருந்துட்டுச் சொல்லுகியே. எப்ப போவணும்?" என்றாள் மாடம்மாள்.

வழிகாட்டியான அனந்தலக்ஷ்மி மேடத்துக்குப் பொன்செல்வி பயந்துகொண்டேதான் போன் செய்தாள். கோட்டைக்குள் அக்கிரகாரத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவர் அவர். மண்ணில் வாழும் சிற்றுயிர்களோடு இருபது வருடத்துக்கு மேல் மல்லுக்கட்டியவர், அதிகம் பேசமாட்டார். ஸ்பீக்கரில் மாடம்மாளும் கேட்டுக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்ட மேடம், "ரெண்டு சல்லடையா போட்டா? பேஷ். அழுதுண்டு உக்காராதே, புனலையெல்லாம் நாளைக்கே அலம்பி வை. புதன்கிழமை போ. அம்மாவையே அழைச்சிண்டு போயேன், கை சுத்தமா இருக்கும் போலிருக்கே" என்றார். அது கிண்டலா பாராட்டா என்று தாயும் மகளும் அன்று முழுக்க விவாதித்தார்கள். முடிவுக்கு வரவில்லை.

புதன்கிழமை முதல் பேருந்தில் தம்பானூரிலிருந்து கிளம்பினார்கள். மாடம்மாள் மேஸ்திரியிடம் இரண்டு நாள் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, அவர் சட்டியில் பெரியதாக ஒன்றையும், சும்மாடு கட்ட ஒரு பழைய துண்டையும், நனைக்க இரண்டு சாக்கையும் எடுத்துக்கொண்டாள். பொன்செல்வியின் தோள்பையில் கூர்தீட்டிய ஜி.ஐ. குழாய்த் துண்டுகளும் சுத்தியலும் இருந்தன. குழாயைப் பார்த்ததும் மாடம்மாளுக்குத் தைரியம் வந்துவிட்டது. ஆராய்ச்சி என்றால் கண்ணாடிச் சாமான்தான் என்று நினைத்திருந்தாள். இது பிளம்பர் கடையில் கிடைப்பதுதானே.

விதுராவில் இறங்கி டீ குடித்துவிட்டுப் பொன்முடி வண்டி ஏறினார்கள். வளைவுகள் தொடங்கியதும் பொன்செல்வி ஜன்னல் வழியே ஒவ்வொரு இடமாகக் காட்டிவந்தாள். இந்த ரப்பர் மண்ணில் இலை அதிகம், இனம் குறைவு. அதோ அந்தக் காட்டுச்சரிவில் தனக்கு இதுவரை கிடைத்ததிலேயே அதிக வகை. மேலே என்ன என்பதுதான் தெரியவேண்டும். காது அடைத்துக்கொள்ள, எச்சிலை விழுங்கி விழுங்கி மாடம்மாள் கேட்டுக்கொண்டாள். கீழே கடை, முதல் மாடியில் ஆபீஸ், அதற்கு மேலே குடித்தனம் என்று இருக்குமே, அதுபோல மாடிக்கு மாடி ஆள் மாறுமா என்று கேட்டாள். அப்படித்தான், ஆனால் ஒரு மாடிக்காரர் சிலர் அடுத்த மாடியிலும் வீடு வைத்திருப்பார்கள், உச்சி மாடியில் மட்டுமே இருக்கிறவர்களும் இருக்கலாம் என்றாள் மகள். இந்த மூன்று வருடத்தில் அம்மாவோடு அவள் தன் வேலையைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை.

உச்சியில் வனக்காவலர் லிங்கம் காத்திருந்தார். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். பாட்டன் காலத்துத் தமிழில் பாதி மலையாளம் ஏறியிருந்தது. சட்டியோடு இறங்கிய மாடம்மாளை ஏற இறங்கப் பார்த்து, "அம்மயும் பி.எச்டி-யாணோ?" என்றார்.

"நான் போன ஞாயித்துக்கெழமதான் சேர்ந்தேன்" என்றாள் மாடம்மாள்.

லிங்கம் சிரிக்கச் சிரிக்க, தெற்கே கையைக் காட்டினார். சாம்பல் நிறத்தில் மேகம் மலையிடுக்கில் ஏறிக்கொண்டிருந்தது. "உச்சைக்கு முன்ன, பன்ரண்டுக்குள்ள முடிச்சுக்கோங்க. மழ உறப்பு, வந்துரும் கேட்டோ."

மொத்தம் ஐந்து இடம். புல்வெளியில் மூன்று, சோலைக்காட்டு ஓரத்தில் ஒன்று, சோலைக்குள் ஒன்று. போன தடவை எடுத்த குழிக்கு நாலடி தள்ளி எடுக்கவேண்டும். புல்வெளி மண் ஆழமில்லாதது, கொஞ்சம் இறங்கினால் பாறை. பொன்செல்வி குழாயை நேராகப் பிடித்துக்கொள்ள மாடம்மாள் அடித்தாள். முதல் அடியிலேயே மகள் கத்தினாள். அவ்வளவு வேகமாக அடித்தால் மண் நசுங்கி உள்ளே இருக்கும் சந்துபொந்தெல்லாம் மூடிக்கொள்ளும், உயிர்கள் வெளியே வரமுடியாது. அதன்பிறகு ஆணி அடிப்பதுபோல இல்லாமல் கதவைத் தட்டுவதுபோல அடிக்கக் கற்றுக்கொண்டாள். மண் குழாய்க்குள் கேக் துண்டுபோல முழுசாக ஏறிவந்தது. இருபக்கமும் மூடி, நனைத்த சாக்கில் படுக்காமல் நிற்கும்படி சட்டிக்குள் அடுக்கினார்கள்.

மூன்றாவது இடத்தில் குழாய் கல்லில் மாட்டிக்கொண்டு வாய் வளைந்தது. வேறு குழாய் எடுத்து வேறு இடம் தேடிச் செய்ததில் நேரம் போய்விட்டது. சோலை ஓரத்தை முடித்தபோது பனிமூட்டம் இறங்கி எதிரே நிற்கும் லிங்கம் பாதியாகத் தெரிந்தார். சோலைக்குள் ஐந்தாவது இடத்தை அடைந்து, பொன்செல்வி குந்தி உட்கார்ந்து மேலிலையை விலக்கிக் குழாயை வைத்தபோது மழை பிடித்துக்கொண்டது. தூறலாக ஆரம்பிக்கவில்லை, கொட்டியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இலைமக்கின்மேல் தண்ணீர் ஓடியது.

பொன்செல்வி குழாயை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"எதுக்கு எந்திச்ச? தண்ணி அடியில இன்னும் எறங்கியிருக்காது. ஒரே தட்டு, எடுத்துருவோம் மக்ளே. நனைஞ்சதுன்னு யாருக்குத் தெரியும்?"

"பூச்சிக்குத் தெரியும்மா."

மழைச் சத்தத்தில் மாடம்மாளுக்கு முதலில் சரியாகக் காதில் விழவில்லை. பொன்செல்வி மறுபடி சொன்னாள். நனைந்த மண்ணில் அடியில் இருந்தது மேலே வரும், மேலே இருந்தது தப்பித்துப் போகும். எண்ணும்போது கணக்கே வேறாகிவிடும். பார்க்கிறவர்களுக்குத் தெரியாமல் போகலாம், ஆனால் மலையைப் பற்றி ஒரு பொய் சொன்னதாகிவிடும். நாலு போதும், ஐந்தாவது கிடைக்கவில்லை என்று எழுதிக்கொள்ளலாம். சொல்லிவிட்டுக் குழாயைத் துடைத்துத் தோள்பையில் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை தொலைந்து, இன்று திரும்பக் கிடைக்க இருந்ததில் ஒரு பங்கை மகள் தானாகவே விட்டுவிட்டாள் என்பது மாடம்மாளுக்குப் புரிந்தது. அவள் தலைத்துண்டை அவிழ்த்துச் சட்டியின்மேல் மூடினாள்.

கீழே இறங்கும் பேருந்தில் உட்கார இடம் கிடைத்தும் மாடம்மாள் சட்டியைத் தரையில் வைக்கவில்லை. இன்ஜின் சூடு தரை வழியாக ஏறும் என்று மகள் சொல்லியிருந்தாள். மடியில் வைத்து, வளைவுக்கு வளைவு உடம்பைச் சாய்த்து, சட்டி மட்டும் சாயாமல் பார்த்துக்கொண்டாள். நிறைந்த சட்டியோடு சாரத்தில் ஏறிய கால்களுக்கு இந்த வளைவுகள் பெரிதில்லை. விதுரா வந்தபோது பக்கத்து இருக்கைக்காரி ஈரச்சாக்கை மோந்து பார்ப்பதுபோல மூக்கைச் சுளித்துவிட்டு, மீனா என்று மலையாளத்தில் கேட்டாள். மண் என்றாள் மாடம்மாள். பொன்முடியிலிருந்து மண் கொண்டுபோகிறீர்களா, நாட்டில் மண்ணுக்கா பஞ்சம் என்றாள் அவள்.

"உள்ள ஆளுண்டு" என்றாள் மாடம்மாள்.

அந்தப் பெண் முடிந்தவரை நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

நேராகக் கல்லூரிக்குப் போனார்கள். பொழுது சாயவில்லை. அனந்தலக்ஷ்மி மேடமே ஆய்வகத்தைத் திறந்துவைத்துக்கொண்டிருந்தார். மாடம்மாளைப் பார்த்ததும், "வாங்கோ, உக்காருங்கோ, நனைஞ்சிருக்கேள்" என்று தன் நாற்காலியை நகர்த்திப் போட்டார். மாடம்மாள் உட்காரவில்லை. சட்டியை மேஜைமேல் இறக்கும்வரை அவளுக்கு உட்காரத் தோன்றவில்லை.

ஆய்வகத்தின் ஒரு சுவரோரமாகப் புனல்கள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு வலை, மேலே ஒரு பழைய மஞ்சள் குண்டு பல்பு, கீழே ஸ்பிரிட் ஊற்றிய சிறு குப்பி. மண்ணைக் குழாயிலிருந்து உடையாமல் தள்ளித் தலைகீழாக வலைமேல் வைத்தாள் பொன்செல்வி. அதனதன் பாதை வழியாகவே அவை இறங்கிவரட்டும் என்றாள். பல்பின் சூட்டில் மேல்மண் காயும். உள்ளே இருக்கிறவை ஈரத்தைத் தேடிக் கீழே கீழே போகும். கடைசியில் போக இடமில்லாமல் வலை வழியாகக் குப்பியில் விழும். அதற்குச் சில நாள் பிடிக்கும்.

மாடம்மாள் பல்பைப் பார்த்தாள், வலையைப் பார்த்தாள். மேடத்துக்குக் கேட்காதபடி மகள் பக்கம் சாய்ந்தாள்.

"மேல சூடு, கீழ சல்லட. ஞாயித்துக்கெழம நான் செஞ்சதத்தான நீயும் செய்யுக?"

மேடத்துக்குக் கேட்டுவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார். "தப்பில்லையே, அவா சொல்றது. நீங்க அடியில ஒரு குப்பி வைக்காம விட்டுட்டேள், அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார்.

அதற்குப் பிறகு எடவப்பாதி முழுவீச்சில் இறங்கிவிட்டது. அட்டக்குளங்கரையில் முழங்கால் அளவு தண்ணீர். கட்டட வேலை நின்றது. தாணுமாலையன் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் விழுந்தாச்சா, விழுந்தாச்சா என்று கேட்டுக்கொண்டே இருந்தான். ஹோட்டலிலும் சொல்லிவிட்டான் போலிருக்கிறது. அங்கே டீ அடிக்கிறவர்கூட ஒருநாள் போன் செய்து விசாரித்தார். ஒருநாள் இடியில் கரண்ட் போனதாகச் செய்தி வந்தபோது மாடம்மாள் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள். கல்லூரியில் ஜெனரேட்டர் உண்டு என்று பொன்செல்வி எத்தனை தடவை சொன்னாலும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. சூடு விட்டுப்போனால் அவை பாதி வழியிலேயே நின்றுவிடுமே என்று பதைத்தாள். அப்படிப் பதைக்கும்போது ஊர்க் கல்யாணத்து மாமாவின் சிரிப்பு நினைவுக்கு வந்தது. இனி எவராவது கேட்டால் என்ன பதில் சொல்வது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பூச்சிதான், அதற்கென்ன?

குப்பிகளை எடுக்கிற நாளில் பொன்செல்வி அம்மாவையும் கூட்டிப்போனாள். ஒரு தட்டில் கொஞ்சம் ஊற்றி நுண்ணோக்கியின் கீழ் வைத்து, திருகைத் திருப்பிக் கொடுத்தாள். மாடம்மாள் ஒரு கண்ணை மூடினாள், பிறகு மறு கண்ணை மூடினாள். தன் இமைமயிரைத்தான் முதலில் பார்த்தாள். மெதுவாக ஒரு வெளிச்சம் தெளிந்து, அதற்குள் ஆட்கள் தெரிந்தார்கள். நீலக்கறுப்பில், உடம்பெல்லாம் மயிரோடு, வாலை மடக்கிக்கொண்டு ஒருவன். அரக்கு நிறத்தில், பித்தளைக் குமிழ் போலப் பளபளத்துக்கொண்டு இன்னொருவன். வெள்ளைவெளேரென்று, கண்ணே இல்லாமல் ஒரு நீளப்பயல். தட்டை நகர்த்தினால் இன்னும், இன்னும்.

"அன்னைக்கு என் கையிலேர்ந்து துள்ளினவன்" என்றாள் அவள், கறுப்பனை அடையாளம் கண்டு.

கீழே கல்லாற்றுக் காட்டை விட மேலே வகைகள் குறைவுதான் என்றாள் பொன்செல்வி. ஆனால் புல்வெளியிலிருந்து வந்த இந்தக் கறுப்பர்களில் ஒரு வகை கீழே ஒரு மட்டத்திலும் அவளுக்குக் கிடைத்ததில்லை. சோலை ஓரத்துக் குப்பியிலோ இரண்டு கூட்டமும் கலந்து கிடந்தன. அனந்தலக்ஷ்மி மேடமும் குனிந்து நெடுநேரம் பார்த்தார். எழுந்து, பொன்செல்வியின் தோளில் இரண்டு தட்டு தட்டிவிட்டு, எழுத ஆரம்பி என்றார். மூன்று வருடத்தில் அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை என்று பொன்செல்வி பிறகு வீட்டில் சொன்னாள். அதைக் கேட்டுத் தாணுமாலையன் மழையோடு மழையாக அல்வா வாங்கப் போனான்.

ஆனால் அது மாலையில். அந்த நேரத்தில் மாடம்மாள் இன்னும் நுண்ணோக்கியை விட்டு எழவில்லை. நாலு குப்பியையும் பார்த்துவிட்டு, குப்பி நிற்கிற மரத்தட்டைத் தடவினாள். ஐந்தாவது ஓட்டை காலியாக இருந்தது.

"சோலைக்குள்ள யாரு இருக்காவளோ, தெரியலயே" என்றாள்.

இந்த மழை விட்டபிறகு, ஐப்பசி மழைக்கு முன்னால், எல்லா மட்டத்திலும் மறுபடி எடுக்கவேண்டும், அப்போது புது அனுமதி கிடைக்கும் என்றாள் பொன்செல்வி. மண் காய்ந்திருந்த நாளுக்கும் மழைக்குப் பிந்தைய நாளுக்கும் என்ன வித்தியாசம் என்று அது தனிக் கணக்கு. இளநிலை மாணவிகளுக்கும் பரீட்சை முடிந்திருக்கும், அவர்கள் வருவார்கள்.

"அவளுவ வரட்டும். அடிக்கதுக்கு நான் வாறேன். சோலைய மொதல்ல எடுக்கணும் கேட்டியா, புல்லு பொறவு" என்று சொல்லிவிட்டு, மாடம்மாள் மறுபடியும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள்.